பாதரச அடைப்பு விலகுகிறது: ஃபுளூரைடு பாதித்த பற்களில் ரெசின் கலவை நிலைக்குமா?

சொத்தைப் பல்லை அடைக்க நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டு வந்த பாதரசக் கலவை உலக அளவில் விடைபெறத் தொடங்கியுள்ளது. மக்கள் ‘வெள்ளி அடைப்பு’ என்று குறிப்பிடும் இக்கலவையைப் பல் மருத்துவர்கள் அமால்கம் என்பர். 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகளின் ஆறாவது மாநாட்டில், பல் அமால்கத்தை 2034ஆம் ஆண்டுக்குள் வழக்கொழிக்க நாடுகள் இசைந்தன. இவ்வுடன்படிக்கையில் இந்தியா 2014இல் கையொப்பமிட்டு, 2018 ஜூன் மாதத்தில் அதனை முறைப்படி ஏற்றது. அமால்கத்தின் இடத்தைப் பெருமளவு நிரப்பவிருப்பது, பல்லின் நிறத்திலேயே அமையும் ரெசின் கலவை. இதனையே காம்போசிட் என்றும், பேச்சு வழக்கில் ‘பல் கலர் அடைப்பு’ என்றும் கூறுகின்றனர்.

இம்மாற்றம் எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவானதே. ஆயினும் தருமபுரிக்கு இதில் தனியே ஒரு கேள்வி எழுகிறது. அமால்கம் பல்லில் ஒட்டுவதில்லை. உள்ளே அகன்றும் வாயில் குறுகியும் குடையப்பட்ட குழியில் ஆப்பு இறுக்கியது போல் அது நிற்கிறது. ரெசின் கலவையோ எனாமலிலும் அதற்கடியிலுள்ள டென்டினிலும் ஒட்டிக்கொண்டு நிற்பது. நம் மாவட்டத்தில் ஒரு தலைமுறையினருக்கு அந்த எனாமலே குடிநீர் ஃபுளூரைடால் இயல்பு மாறியுள்ளது. அத்தகைய பல்லில் புதிய பொருள் உறுதியாக ஒட்டுமா, ஒட்டுவதற்கு என்ன செய்ய வேண்டும், நோயாளி எதைச் சொல்லவும் கேட்கவும் வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

பாதரசம் விலக்கப்படுவது ஏன்?

இங்கு ஓர் அச்சத்தை முதலில் அகற்றிவிட வேண்டும். வாயில் ஏற்கெனவே இருக்கும் வெள்ளி அடைப்பு உடலை நஞ்சாக்குகிறது என்று கண்டறியப்பட்டதால் இம்முடிவு எடுக்கப்படவில்லை. அமால்கத்தின் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம் என்பது உண்மை. மெல்லும்போது அதிலிருந்து மிகச் சிறிதளவு ஆவி வெளிப்படுவதும் உண்மை. ஆனால் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரிலும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அமால்கமும் மறு பிரிவினருக்கு ரெசின் கலவையும் வைத்துப் பல ஆண்டுகள் கண்காணித்தனர். அமால்கம் பெற்ற குழந்தைகளின் அறிவுத்திறனிலோ நரம்பு மண்டலச் செயல்பாட்டிலோ தீங்கு ஏதும் காணப்படவில்லை. இவ்விரு ஆய்வுகளின் முடிவுகளும் 2006இல் வெளியாயின.

விலக்கத்தின் முதன்மையான காரணம் சுற்றுச்சூழல். பல் மருத்துவ நிலையத்தின் கழிவுநீரிலும், மருத்துவக் கழிவு எரிக்கப்படும்போதும் வெளியேறும் பாதரசம் நீர்நிலைகளைச் சென்றடைகிறது. அங்கு நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, மீன் வழியாக மனிதரிடம் திரும்பி வருகிறது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாப் பகுதியில் 1956இல் கண்டறியப்பட்ட பெருந்துயரமும் மீன் வழியாக மனிதரை அடைந்த மெத்தில் பாதரசத்தால் நேர்ந்ததே. உடன்படிக்கை அவ்வூரின் பெயரைத் தாங்கியிருப்பதும் அதனால்தான். பாதரச மாசு தமிழ்நாட்டுக்கும் புதிதன்று. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை விட்டுச்சென்ற மாசு பல ஆண்டுகள் பேசப்பட்டதைப் பலரும் அறிவர்.

உடன்படிக்கையின் நான்காவது மாநாடு 2022இல் மேலும் ஒரு திருத்தத்தை ஏற்றது. பால் பற்களிலும், 15 வயதுக்குட்பட்டோருக்கும், கருவுற்ற தாய்மார்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் அமால்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இவர்களுக்கு அது இன்றியமையாதது எனப் பல் மருத்துவர் கருதினால் மட்டும் விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து பெரும்பாலான சிகிச்சைகளில் அமால்கத்தை நிறுத்திவிட்டது.

ஆகவே, நன்றாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைச் செய்தி கண்டு அஞ்சி எடுத்துவிடுமாறு கேட்க வேண்டியதில்லை. அதனைத் துளையிட்டு எடுக்கும் வேளையில்தான் பாதரச ஆவி மிகுதியாக வெளிப்படும். உடன் நல்ல பல்லும் சிறிது குடையப்பட்டு வீணாகும். அடைப்பு உடைந்தாலோ, அதன் ஓரத்தில் புதிய சொத்தை தோன்றினாலோ மாற்றினால் போதும்.

ரெசின் கலவை எவ்வாறு வேலை செய்கிறது?

இப்பொருளின் பெயரில் ‘கலவை’ என்ற சொல் காரணத்தோடு அமைந்தது. பிசின் போன்ற ஒரு பிளாஸ்டிக் மூலப்பொருளில் மிக நுண்ணிய கண்ணாடித் துகளும் சிலிக்காத் துகளும் குழைக்கப்பட்டுள்ளன. சிமெண்டும் ஜல்லியும் சேர்ந்து கான்கிரீட் ஆவது போன்ற ஏற்பாடு இது. துகள்கள் வலிமையையும் தேய்மானத்தைத் தாங்கும் ஆற்றலையும் தருகின்றன. பிசின் அவற்றைப் பிணைக்கிறது. இன்றளவும் பெரிதும் பயன்படும் அப்பிசினை அமெரிக்க ஆய்வாளர் ரஃபேல் போவன் உருவாக்கினார். அதற்கான காப்புரிமை 1962இல் வழங்கப்பட்டது.

பல்லில் ஒட்டும் வழியை அதற்கு முன்பே, 1955இல், மைக்கேல் புவனோகோர் என்பவர் காட்டியிருந்தார். எனாமலின் மீது பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது நேரம் தடவிக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்குழிகள் உண்டாகின்றன. அக்குழிகளுக்குள் பிசின் இறங்கி இறுகும்போது வேரூன்றியது போன்ற பிடிப்பு கிடைக்கிறது. இன்று பல் மருத்துவர் சிறு குழாயிலிருந்து வைக்கும் களிம்பு, பெரும்பாலும் 37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலமே. இயல்பான எனாமலில் 15 முதல் 30 விநாடிகள் வைத்திருந்து கழுவி உலர்த்தினால், அவ்விடம் உறைபனி படர்ந்தது போல் வெண்மையாகத் தெரியும். அதன்மேல் ஒட்டுத் திரவம் பூசப்பட்டு, கலவை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள அடுக்குகளாக வைக்கப்படுகிறது. ஒவ்வோர் அடுக்கும் நீல ஒளி பாய்ச்சி இறுக வைக்கப்படுகிறது. அந்த ஒளியை நோயாளியும் உடனிருப்பவரும் நேரே நோக்கலாகாது.

இறுகும்போது கலவை பருமனில் ஏறக்குறைய 2 முதல் 3 விழுக்காடு வரை சுருங்குகிறது. அடுக்கடுக்காக வைக்கும் பொறுமை அதற்காகத்தான். ஒட்டும் தருணத்தில் எச்சிலோ குருதியோ பட்டுவிட்டால் பிடிப்பு கெடும். ஆதலால் இச்சிகிச்சைக்கு அமால்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஆகும். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு இடுவதோ, பஞ்சும் உறிஞ்சுகுழலும் வைத்துப் பல்லை உலர்வாகக் காப்பதோ தேவைப்படும். நாற்காலியில் நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருப்பது சிரமந்தான். எனினும் அந்த நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் பல் மருத்துவரை அவசரப்படுத்துவது அடைப்பின் ஆயுளைக் குறைத்துக்கொள்வதாகும்.

நம் மாவட்டத்துப் பற்கள்

தருமபுரியின் கடினப் பாறைகளிலிருந்து ஃபுளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் ஃபுளூரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. இம்மாவட்டத்தின் பல ஆழ்துளைக் கிணறுகளில் இந்த வரம்பு மீறப்பட்டிருந்தது. இதனாலேயே காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரில் ‘ஃபுளூரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்பதும் சேர்க்கப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியுடன் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டம் 2013 மே மாதத்தில் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது.

பல் ஃபுளூரோசிஸ் என்பது பல் முளைத்த பின் ஒட்டும் கறை அன்று. ஈறுக்குள் எனாமல் உருவாகும் பருவத்தில், அதாவது பிறப்பு முதல் ஏறத்தாழ 8 வயது வரை, மிகுதியான ஃபுளூரைடு உடலில் சேர்ந்தால் எனாமலின் அமைப்பே மாறிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு நல்ல நீர் அருந்தினாலும் அந்தப் பல் பழைய நிலைக்குத் திரும்பாது. இதனை ஆண்டுக் கணக்கில் எண்ணிப் பார்த்தால் நிலைமை விளங்கும். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்து, காவிரி நீர் வந்தபோது 8 வயதைக் கடந்திருந்தவர்கள் இன்று 20 வயதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய பற்கள் அப்போதே உருவாகி முடிந்திருந்தன. சொத்தையும் தேய்மானமும் தோன்றி அடைப்பு தேவைப்படும் வயதில் அவர்கள் இப்போது இருக்கின்றனர். அதே ஆண்டுகளில்தான் ஒட்டாமலே நிற்கக்கூடிய அமால்கம் விலகுகிறது.

ஃபுளூரைடு பாதித்த எனாமலின் மேற்பரப்பு இயல்பைவிட அமிலத்தை எதிர்த்து நிற்கும். அதற்குக் கீழுள்ள பகுதியோ, பாதிப்பு கடுமையாக இருந்தால், நுண்துளைகள் மிகுந்து வலுவற்றிருக்கும். வழக்கமான நேரம் அமிலம் வைத்தால் மேற்பரப்பில் போதிய நுண்குழிகள் உண்டாகா. உறைபனி போன்ற வெண்மையும் சரியாகத் தோன்றாது. அத்தகைய பரப்பில் ஒட்டிய கலவை சில மாதங்களில் ஓரம் பெயர்ந்து, இடைவெளியில் கறை இறங்கி, உள்ளே சொத்தை தொடரக்கூடும்.

இதற்கு வழிகள் உள்ளன. அமிலம் வைக்கும் நேரத்தை நீட்டிப்பது ஒன்று. எனாமலின் மேற்படலத்தை மெல்லியதாகத் தேய்த்துவிட்டு அதன்பின் அமிலம் வைப்பது மற்றொன்று. தனியாக அமிலம் வைக்காமல் ஒரே பூச்சில் முடிக்கும் ஒட்டுத் திரவங்கள் சந்தையில் உள்ளன. வேலை விரைவில் முடியும் என்பதால் அவை விரும்பப்படுகின்றன. ஃபுளூரோசிஸ் உள்ள எனாமலில் அவற்றை மட்டும் நம்பாமல், பாஸ்பாரிக் அமிலத்தையும் தனியே வைப்பது பொதுவாகப் பாதுகாப்பானது. மஞ்சளோ வெண்திட்டோ மட்டுமுள்ள மிதமான பாதிப்பில் இவ்வேறுபாடு சிறிதே. பழுப்பேறி, குழிவிழுந்து, உதிரும் எனாமலில்தான் அது பெரிதாகிறது. பாதிப்பின் அளவைக் கண்டு முடிவெடுப்பது பல் மருத்துவரின் பணி. சிறுவயதில் எந்த ஊரில், எந்த நீரைக் குடித்து வளர்ந்தீர்கள் என்பதைச் சொல்வது உங்கள் பணி. பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ பிறந்து வளர்ந்து ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குச் சென்றிருப்பவர்கள் இதனைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். வெளியூர்ப் பல் மருத்துவர் ஃபுளூரோசிஸ் பற்களை அரிதாகவே காண்பவராக இருக்கலாம்.

எவ்வளவு காலம் நிலைக்கும்?

விளம்பரங்கள் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கடைவாய்ப் பற்களில் ரெசின் கலவையையும் அமால்கத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ரெசின் அடைப்புகள் தோல்வியுறும் வாய்ப்பும், அடைப்பின் ஓரத்தில் மீண்டும் சொத்தை தோன்றும் வாய்ப்பும் ஏறத்தாழ இரு மடங்கு எனக் கண்டது. அத்தொகுப்பிலுள்ள ஆய்வுகளின் நம்பகத்தன்மை குறைவு என்பதை அம்மதிப்பாய்வே ஒப்புக்கொள்கிறது. இன்றைய பொருட்கள் அன்றையவற்றினும் மேம்பட்டவை என்பதும் உண்மையே. இருப்பினும் முடிவு தெளிவு. ரெசின் கலவை நல்ல பொருள்; ஆனால் கவனக் குறைவைப் பொறுக்கும் பொருள் அன்று.

அதன் நன்மையும் சிறிதன்று. அமால்கம் பிடித்து நிற்பதற்காக நல்ல பல்லையும் குடைய வேண்டியிருந்தது. ரெசினுக்குச் சொத்தையை மட்டும் அகற்றினால் போதும். சிறிய சொத்தையில், எனாமல் ஓரங்கள் முழுதாக இருக்கும் நிலையில், அது மிகச் சிறப்பாக நிலைக்கிறது. சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கி, ஈரத்தைத் தடுக்க இயலாத இடத்தில் இருந்தால் பிடிப்பு உறுதியாக இராது. வலி வரும்வரை காத்திருப்பவர்களின் சொத்தை பெரும்பாலும் அவ்வளவு ஆழத்தை எட்டியிருக்கிறது. வெளிநோயாளர் பிரிவுக்குக் கன்னம் வீங்கிய பிறகே வருவோர் மிகுதி. அந்நிலையில் எந்தப் பொருளால் அடைப்பது என்ற கேள்வியே எழுவதில்லை. வேர் சிகிச்சையா, பல்லை எடுப்பதா என்பதுதான் எஞ்சுகிறது.

ரெசின் ஒன்றே மாற்று அன்று. ‘சிமெண்ட் அடைப்பு’ எனப்படும் கிளாஸ் அயனோமர், அமிலக் களிம்பின்றியே பல்லோடு வேதிப்பிணைப்புக் கொள்கிறது; சிறிதளவு ஈரத்தையும் பொறுத்துக்கொள்கிறது. குழந்தைகளின் பால் பற்களுக்கும், நெடுநேரம் வாயைத் திறந்து வைக்க இயலாத முதியோருக்கும் அது தக்கது. கடைவாயின் பெரும் அழுத்தத்தில் அது விரைவில் தேயும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் 2021இல் கிளாஸ் அயனோமரும், பின்னர் 2023இல் ரெசின் கலவையும் சேர்க்கப்பட்டன. ‘சிமெண்ட்தான் வைத்தார்கள்’ என்று அதனைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

முன்பற்களின் கறையை மறைப்பது

இம்மாவட்டத்தில் ரெசின் கலவையைத் தேடி வருவோரில் ஒரு பகுதியினர் சொத்தைக்காக வருவதில்லை. முன்பற்களின் பழுப்பு நிறத்தை மறைக்கவே வருகின்றனர். வேலைக்கான நேர்காணலோ திருமணப் பேச்சோ நெருங்கும்போது இத்தேவை எழுகிறது. புகைப்படத்தில் உதடு மூடி நிற்கும் இளையோரைக் கண்ட எவரும் இதனை ஆடம்பரம் என்று ஒதுக்கமாட்டார்கள்.

எனினும், பல்லின் முகப்பு முழுவதையும் ரெசினால் போர்த்துவது முதல் வழியாக இருக்கக் கூடாது. நிறமாற்றம் மேலோட்டமாக இருந்தால், அமிலமும் நுண்துகளும் கலந்த பசையால் எனாமலின் மேற்படலத்தை நுண்ணளவில் தேய்த்து அகற்றும் முறையும், பல் மருத்துவரின் மேற்பார்வையில் வெளுக்கும் முறையும் உள்ளன. இவ்விரண்டையும் இணைத்துச் செய்தாலே பலருக்கு மனநிறைவான மாற்றம் கிடைக்கிறது. குழிகள் உள்ள இடத்தை மட்டும் ரெசினால் நிரப்பலாம். முழுப் போர்வை தேவைப்பட்டால், அது நிலையானது அன்று என்பதை அறிந்தே ஒப்ப வேண்டும். தேநீராலும் வெற்றிலை பாக்காலும் புகையிலையாலும் ரெசின் நிறம் மாறும். கரும்பைக் கடித்தால் ஓரம் சிதறலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெருகேற்றவோ மாற்றவோ வேண்டிவரும். அதற்கான செலவையும் முன்கூட்டியே கேட்டறிக. திருமணத்திற்கு ஒரு வாரம் இருக்கையில் தொடங்குவதைவிடச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது.

கறையைப் போக்கச் செங்கல் தூள், சாம்பல், எலுமிச்சைச் சாறு, கடையில் விற்கும் அமிலம் ஆகியவற்றைத் தேய்ப்பது பல்லைத் தேய்க்குமேயன்றிக் கறையை நீக்காது. எனாமல் இழந்த பல்லில் ரெசின் அடைப்பு உறுதியாக ஒட்டுவது கடினம் என்பதையும் நினைவில் கொள்க.

கருவுற்றோரும் ஒவ்வாமை உள்ளோரும்

ரெசின் கலவையில் பிஸ்பினால்-ஏ உள்ளதா என்று பலர் வினவுகின்றனர். பிசினின் தயாரிப்பில் அது மூலப்பொருளாக இருப்பதால் மிக நுண்ணிய அளவில் எஞ்சியிருக்கலாம். அடைத்த பின் சிறிது நேரம் எச்சிலில் அதன் அளவு உயர்ந்து பின்னர் தணிகிறது. இறுகாத மேற்படலத்தை மருத்துவர் துடைத்து எடுப்பதும், நோயாளி நன்கு வாய் கொப்பளித்துத் துப்புவதும் அதனைப் பெரிதும் குறைக்கும். கருவுற்ற தாய்மார்கள் அவசரமற்ற அழகுச் சிகிச்சைகளைப் பிரசவத்திற்குப் பின் தள்ளிவைக்கலாம். வலியும் சீழும் உள்ள பல்லைத் தள்ளிப்போடக் கூடாது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான காலம் சிகிச்சைக்கு மிகவும் வசதியானது. செயற்கை நகப் பூச்சு, பிசின் முதலியவற்றால் தோல் தடித்தவர்கள் அதனைப் பல் மருத்துவரிடம் கூறுக. இவ்வகை ஒவ்வாமை அரிது, ஆயினும் உண்டு.

மருத்துவமனையிலும் வீட்டிலும்

எந்தப் பொருள் என் பல்லுக்குப் பொருந்தும், அதற்கு என்ன காரணம், பல்லை எவ்வாறு உலர்வாக வைத்திருப்பீர்கள், எனாமலின் நிலை எப்படி உள்ளது என்று கேட்பதில் தவறில்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ சென்று, எந்தெந்த அடைப்புகள் அங்கு செய்யப்படுகின்றன என்பதைக் கேட்டறியலாம். பள்ளிக் குழந்தைகளுக்கு, ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போதே பற்களைக் காட்டச் சொல்லுங்கள். சிறு சொத்தை அப்போது கண்டறியப்பட்டால் அடைப்பு எளிது.

8 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீரையே பயன்படுத்துக. குழாயில் நீர் வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்துக் கொடுப்பது கிருமிகளைக் கொல்லும், ஃபுளூரைடை நீக்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஐயம் இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நீரைச் சோதித்துக்கொள்ளலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பற்பசை பட்டாணி அளவுக்கு மேல் வேண்டா. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசி அளவு போதும். பல் துலக்கும்போது பெரியவர் உடனிருந்து துப்ப வைக்க வேண்டும்.

அடைப்பு முடிந்த உடனே ரெசின் இறுகிவிடுவதால் உண்ணத் தடையில்லை. ஆனால் மரத்துப்போன உதட்டையும் கன்னத்தையும் அறியாமல் கடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. குறிப்பாகக் குழந்தைகளுக்கு மரப்பு நீங்கும்வரை இரண்டு மூன்று மணி நேரம் திட உணவு கொடுக்க வேண்டா. குளிர்ந்த நீர் பட்டால் சில நாட்கள் கூச்சம் இருக்கலாம். அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். கடிக்கும்போது அடைப்பு மட்டும் முதலில் முட்டுவது போல் தோன்றினால் மறுநாளே சென்று சீராக்கிக்கொள்க. அது ஐந்து நிமிட வேலை. கூச்சம் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, இரவில் தானாக வலி எழுந்தாலோ, அடைப்பின் ஓரத்தில் கருங்கோடு தெரிந்தாலோ, நகம் பட்டால் ஓரம் தடைபட்டாலோ, அடைப்பு விழும்வரை காத்திராமல் அடைத்த பல் மருத்துவரிடமே மீண்டும் காட்டுக. வீக்கத்தோடு காய்ச்சலோ, வாயைத் திறக்க இயலாமையோ, விழுங்குவதில் சிரமமோ தோன்றினால், எந்நேரமாயினும் உடனடியாக அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். 108 ஆம்புலன்சை அழைக்கலாம்.